கிரகணத்தில் நிலா ஏன் காணாமல் போகவில்லை? மரத்தடிப் பிறைகள் நிலவொளியிலும் விழுமா?

தக்கலை வாசகர், 8 செப்டம்பர் 2025, காலை 7:10

அண்ணே, நேற்று ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துக் குடும்பத்தோடு கிரகணம் பார்த்தோம். மேகம் வந்து வந்து மூடியது, ஆனாலும் பாதிக்கு மேல் பார்த்துவிட்டோம். இரண்டு சந்தேகம். பூமி குறுக்கே நின்று வெயிலை முழுசாக மறைத்த பிறகும் நிலா செம்பு நிறத்தில் தெரிந்துகொண்டே இருந்ததே, அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? அப்புறம், 2019 டிசம்பர் கிரகணத்தின்போது எங்கள் பலா மரத்தடியில் முற்றம் முழுக்கப் பிறை பிறையாக வெயில் விழுந்தது. நேற்று அதே மரத்தடியில் ஒன்றும் விழவில்லை. ஏன்?

8 செப்டம்பர் 2025, காலை 9:40

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

நேற்றும் விழுந்தது. தெருவிளக்கு இருந்ததால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. முழுநிலவின் ஒளி வெயிலில் ஏறக்குறைய நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான். அதிலும் பாதி நிலா மறைந்து, மிச்சமும் இலை இடுக்கு வழியாக வந்தால் எவ்வளவு தேறும்? விளக்கில்லாத தோப்பில் பௌர்ணமியன்று நின்று பாருங்கள். தரையில் கிடக்கும் வெளிச்சத் திட்டுகள் எல்லாம் வட்டமாகவே இருக்கும். அவ்வளவும் நிலாவின் படங்கள்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓட்டு இடுக்கு கோணல்மாணலாக இருக்கும், அதன் வழியாக வரும் வெயிலோ தரையில் வட்டமாக விழும். அந்த வட்டம் சூரியனின் வடிவம். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் அதன் விட்டத்தைப் போல சுமார் 108 மடங்கு. அதனால் இடுக்கிலிருந்து தரை வரை உள்ள தூரத்தை 108-ஆல் வகுத்தால் வட்டத்தின் அளவு வந்துவிடும். 4 மீட்டர் உயரக் கூரை என்றால் 3.7 சென்டிமீட்டர். நிலாவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், 110 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரகணத்தில் சூரியன் பிறையானால் தரையில் விழும் படமும் பிறையாகிவிடும். தலைகீழாக விழும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் முற்றத்துப் பிறைகள் நீண்டு இழுபட்டுக் கிடந்திருக்கும், ஏனென்றால் அன்று உச்சக் கிரகணம் காலை 9:30 வாக்கில், வெயில் சாய்வாக வந்த நேரம். ஓர் அட்டையைச் சூரியனுக்கு நேராகத் திருப்பிப் பிடித்திருந்தால் பிறை ஒழுங்காக விழுந்திருக்கும்.

8 செப்டம்பர் 2025, இரவு 10:15

கடையைச் சாத்திவிட்டு முதல் கேள்விக்கு வருகிறேன்.

நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வெறும் ஃபிளாஷ் அடித்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் வெட்டுக்கோடாக விழும். அதே ஃபிளாஷுக்குக் குடை மாட்டினால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். வெளிச்சம் வரும் இடம் அகலமானால் நிழலுக்கு இரண்டு பகுதி உண்டாகிறது. விளக்கு முழுசாக மறைந்த நடுப்பகுதி கருநிழல். விளக்கின் ஒரு பகுதி மட்டும் மறைந்த ஓரப்பகுதி அரைநிழல். சூரியனும் ஒரு வட்டம்தான், புள்ளி இல்லை. ஆகவே வெயிலில் விழும் எல்லா நிழலுக்கும் இந்த இரண்டும் உண்டு. உங்களுக்கு, தென்னைக்கு, பூமிக்கு, நிலாவுக்கு எல்லாவற்றுக்கும். கிரகணம் என்றால் நாம் அப்படிப்பட்ட ஒரு நிழலுக்குள் போகிறோம், அல்லது நிலா போகிறது. தினமும் காலடியில் விழுவதுதான் அங்கே பெரிய அளவில் நடக்கிறது.

பூமியின் கருநிழல் கூம்பாகக் குவிந்து சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் வரை நீள்கிறது. நிலா இருக்கும் தூரத்தில் அதன் அகலம் 9,200 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நிலாவின் விட்டம் 3,474. அதனால்தான் நேற்று 11 மணியிலிருந்து 12:22 வரை நிலா முழுசாக உள்ளேயே இருந்தது.

காற்று மண்டலம் இல்லாத பூமியாக இருந்தால் நீங்கள் சொன்னபடி நிலா காணாமலே போயிருக்கும். பூமியின் ஓரத்தை உரசிப் போகும் வெயில் காற்றுக்குள் நுழைந்து, வெளியேறும்போது ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உள்பக்கமாக வளைந்துவிடுகிறது. அவ்வளவு நீளக் காற்றைக் கடக்கையில் நீலம் சிதறிப் போய் சிவப்பே மிஞ்சும். நேற்று 11:41-க்கு நிலாவில் நின்று பார்த்தவருக்குக் கறுத்த பூமியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு தெரிந்திருக்கும். அந்தக் கோட்டின் ஒரு பக்கம் ஸ்பெயின், பிரிட்டன், மேற்கு ஆப்பிரிக்கா, அங்கே அந்தி. மறுபக்கம் நியூசிலாந்து, அங்கே விடியல். அந்த அந்தியும் விடியலும் அனுப்பிய வெளிச்சத்தில்தான் உங்கள் மாடிக்கு மேலே நிலா தெரிந்தது.

தென் விளிம்பு கொஞ்சம் வெளிச்சமாக இருந்ததைக் கவனித்தீர்களா? நிழலின் நடுப்புள்ளிக்குத் தெற்கே ஒதுங்கி நிலா கடந்தது, அதனால் அந்த ஓரத்துக்கு இருட்டு குறைவு.

8 செப்டம்பர் 2025, இரவு 11:05

எழுத விட்டுப்போனது. மாடியில் நிலாவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் தரையைப் பார்த்தீர்கள்? பத்து மணிக்கு முன்னால் கைப்பிடிச் சுவரின் நிழல் தளத்தில் தெளிவாகக் கிடந்தது. நிலா குறையக் குறைய நிழல் வெளிறி, பதினொரு மணிக்கு நிழலே இல்லை. அதுவரை தெரியாத நட்சத்திரங்கள் வந்துவிட்டன, பக்கத்தில் சனியும் நின்றது.

கேமராக் கணக்கில் சொன்னால், முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/250 வினாடி போதும். முழுக் கிரகணத்தில் எஃப் 5.6 திறந்து, ஐஎஸ்ஓ 1600 வைத்து, ஒரு வினாடி காத்திருந்தேன். சுமார் 13 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது), அதாவது எட்டாயிரம் மடங்கு. மனிதக் கண் இதை இடறாமல் சமாளிப்பது பெரிய விஷயம்.

10 செப்டம்பர் 2025

குளச்சல் நண்பர் எழுதியிருக்கிறார்: "2010-ல் வளையக் கிரகணம் என்று ஊரே திரண்டது. கன்னியாகுமரிக்குப் போய் நின்றோம். இருட்டவே இல்லையே!"

உண்மை, இருட்டவில்லை. அன்று நானும் அங்கேதான் இருந்தேன். 2010 ஜனவரி 15, தை அமாவாசை, மாட்டுப் பொங்கல் வேறு. முக்கடல் சங்கமத்தில் நீராட வந்த கூட்டமும் கிரகணம் பார்க்க வந்த கூட்டமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மதியம் ஒன்றேகாலை ஒட்டி ஒன்பது நிமிடத்துக்கு மேல் வளையம் நின்றது. இந்த ஆயிரமாண்டிலேயே நீண்ட வளையக் கிரகணம் அது. அதன் உச்ச அளவான 11 நிமிடம் 8 வினாடி இந்தியப் பெருங்கடலின் நடுவே கிடைத்தது.

ஏன் அவ்வளவு நீளம்? ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும், ஆகவே சூரிய வட்டம் கொஞ்சம் பெரிது. நிலாவோ அந்த வாரம் தன் பாதையின் தொலைமுனையை நெருங்கியிருந்தது, நான்கு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதனால் அதன் வட்டம் சிறிது. நிலாவின் கருநிழல் கூம்பு அந்தச் சமயத்தில் 3 லட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். கூம்பின் நுனி பூமியைத் தொடவில்லை. அந்த நுனிக்கு அப்பால் விரியும் எதிர்நிழலுக்குள்தான் நாம் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் நிலாவைச் சுற்றிச் சூரியனின் ஓரம் மிஞ்சித் தெரியும்.

மிஞ்சியது சூரியப் பரப்பில் சுமார் 16 சதவீதம். ஒளி அளக்கும் மீட்டரில் அது இரண்டரை ஸ்டாப்பை ஒட்டிய சரிவு. மேகமூட்டமான மதியத்துக்கு இது தாராளம். கண்பாவை விரிந்து ஈடுகட்டிக்கொள்வதால் "ஒன்றும் ஆகவில்லையே" என்றுதான் தோன்றும்.

ஆனால் வெளிச்சத்தின் குணம் மாறியிருந்தது. சாயங்கால மங்கலில் வெயில் மஞ்சளாகும், நிழல் நீளும். அன்று நிழல் உச்சிப்பொழுதுக்குரிய குட்டை நிழலாகவே நின்றது, வெயில் மட்டும் வலுவிழந்தது. முகங்கள் ஈயம் பூசியது போல ஆயின. மணலில் வெறுங்காலோடு நிற்க முடிந்தது. பூவரசு மரத்தடியில் வளையல் கடையைக் கொட்டியதுபோல் ஒளி வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பாட்டி தன் ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்தார். பின்னல் இடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் அவர் சேலையில் விழுந்தது. "மக்களே, இங்க பாரு" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

11 செப்டம்பர் 2025

2010 வளையத்தின்போது எடுத்த படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நண்பர் ஒருவரின் கை நிழல் விழுந்த படம் ஒன்று இருக்கிறது. விரல் நிழலின் ஓரம் ஒரே கோடாக இல்லை, இரட்டைக் கோடாகப் பிரிந்திருக்கிறது. வெளிச்சம் வளையமாக இருந்ததால் வந்தது அது. 2019-ல் வேறு கதை. நம் மாவட்டத்துக்கு வளையம் கிடைக்கவில்லை, அது காசர்கோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியாகப் போயிற்று. நமக்குத் தடிமன் குறைந்த பிறைதான். பிறை வெளிச்சம் ஒரு வாக்கில் நீளம், மறு வாக்கில் ஒல்லி. விரலை ஒரு பக்கமாகப் பிடித்தால் நிழல் ஓரம் கூர்மையாக விழுந்தது, முன்கை முடி கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கால்திருப்பம் திருப்பினால் அதே விரலின் நிழல் மங்கிப் போனது. அடுத்த முறை பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். காசு செலவில்லை, வானத்தைப் பார்க்கவே வேண்டாம்.

13 செப்டம்பர் 2025

மார்த்தாண்டம் அக்கா, உலக்கை பற்றிக் கேட்டீர்கள். கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் நிற்கும், கிரகணம் விட்டதும் தானாக விழும் என்று எங்கள் ஆச்சியும் சொல்வார். உலக்கை நிற்பது உண்மை. அடியில் உள்ள இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது, பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் முற்றத்தில் உலக்கை நிறுத்தும் வழக்கத்தை விட வேண்டாம் என்பேன். நல்ல வெயிலில் நிறுத்தி அதன் நிழலைக் கவனியுங்கள். அடிப்பக்கத்தில் நிழல் கூர்மை, போகப் போக ஓரம் கரைகிறது. ஒன்றரை மீட்டர் உயர நுனிக்கு ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் போல மங்கல் இருக்கும், சாய்ந்த வெயிலில் இன்னும் கூடும். கருநிழல், அரைநிழல் இரண்டையும் முற்றத்திலேயே விரலால் தொட்டுக் காட்டலாம். கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கு இதே கணக்கைப் போட்டால், உச்சிப்பொழுதிலும் தலையின் நிழல் ஓரம் 40 சென்டிமீட்டர் அளவுக்கு மங்கல்.

ராகு கேது என்று கேட்டவருக்கு: நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்களுக்கு அந்தப் பெயர்கள் உண்டு. அந்த வெட்டுமுனைக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம். இல்லாவிட்டால் மாதம் இரண்டு கிரகணம் வந்திருக்கும். நிலா சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் நிலாவை மறைக்கிறது என்று ஆரியபட்டர் 499-இலேயே கணக்கோடு எழுதிவிட்டார்.

13 செப்டம்பர் 2025, மாலை

சூரிய கிரகணம் பார்ப்பவர்களுக்கு: சாணி கரைத்த தண்ணீரில் சூரியனின் பிம்பத்தைப் பார்ப்பது, எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, கழுவிய நெகட்டிவ் எதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இவற்றில் பலவற்றைத் தாண்டி வரும். விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது. சந்திர கிரகணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் தேவையில்லை.

2 அக்டோபர் 2025

கிரகணம் இல்லாத விஷயம்தான், ஆனால் இந்தப் பேச்சில் சேரும். இன்று கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் நண்பகல் வெயில் கூரைத் துளை வழியாக வந்து, அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் விழுந்தது. ஆண்டுதோறும் இந்த நாளில் பார்க்க ஆள் கூடும். கட்டியவர்கள் சூரியனின் அன்றைய சாய்வைக் கணக்கிட்டிருக்கிறார்கள், உச்சியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 12 டிகிரி. சூரியன் தெற்கே போகும்போது ஒரு முறை இந்தச் சாய்வில் நிற்கிறது என்றால், வடக்கே திரும்பும்போதும் ஒரு முறை நின்றாக வேண்டும். அது மார்ச் 11 வாக்கில் வரும். நேரம் மட்டும் மாறும், அக்டோபரில் 12:10 போல என்றால் மார்ச்சில் 12:30 போல. அன்று யாரும் கூடுவதில்லை. போகிற நண்பர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.

நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்வது ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1 வாக்கிலும்.

23 நவம்பர் 2025

"பூமியின் நிழலை நேரடியாகப் பார்க்க அடுத்த கிரகணம் வரை காத்திருக்க வேண்டுமா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. காத்திருக்க வேண்டாம், மேகமில்லாத எந்தச் சாயங்காலமும் பார்க்கலாம். அதற்கு நம் மாவட்டத்தைப் போல வசதியான இடம் குறைவு.

கன்னியாகுமரியில் சூரியன் மறைந்ததும் கூட்டம் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு சாயாக்கடைக்குப் போய்விடும். நீங்கள் கிழக்கே திரும்புங்கள். கடல்மட்டத்தை ஒட்டி சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும்பும், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை. அந்தச் சாம்பல் நீலம்தான் பூமியின் நிழல், கிழக்கு வானத்துக் காற்றின் மேல் விழுகிறது. பத்து நிமிடத்தில் விரலளவாக உயர்ந்து, பிறகு ஓரம் கலைந்து இரவோடு சேர்ந்துவிடும். செப்டம்பரில் நிலா நுழைந்ததும் இதே நிழல்தான். நிலாவில் அதன் ஓரம் வளைவாக விழும். எந்தக் கிரகணத்திலும் வட்டமாகவே விழுவதை வைத்து அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்றார். கடல்மேல் எழும்போது நமக்கு அது கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெரிகிறது, நிழலின் ஒரு சிறு துண்டுதான் கண்ணில் படுகிறது.

இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், மழைமேகம் என்று நினைத்து விட்டிருக்கிறேன் என்று இரண்டு மீனவ நண்பர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். கடலில் நிற்கிறவர்கள் பார்த்த அளவுக்கு யாரும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

4 மார்ச் 2026

நேற்று சந்திர கிரகணமும் கடல்மேல் எழும் பூமியின் நிழலும் ஒன்றாக வந்தன. முழுக் கிரகணம் நமக்கு 4:34-லிருந்து 5:33 வரை, அப்போது நிலா இன்னும் உதிக்கவில்லை. ஆறரை வாக்கில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறியது. கருநிழல் விலகி முடியும் நேரம் 6:47. கையில் கால் மணி நேரம்தான்.

தொடுவானத்தில் புகைமூட்டம். நிலா கொஞ்சம் மேலே வந்த பிறகே பிடிபட்டது. மேல் இடப்பக்க ஓரம் கடிபட்டு, வட்டம் முழுமையாகாமல் இருந்தது. பூமியின் நிழல் பட்டை கீழே கடலின் மேல் எழும்ப, அதே நிழலின் தொலைதூரத் துண்டு நிலாவின் மேல் கிடந்தது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சிறுவனுக்குச் சொன்னேன். அவன் நிலாவையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ நம்ம நிழலும் அதுல இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன்.

6:47-க்குப் பிறகும் அந்த மேல் ஓரம் கொஞ்ச நேரம் அழுக்குப் படிந்ததுபோல இருந்தது. அது அரைநிழல். வெளியோரத்தில் அரைநிழல் மிக மெல்லியது, கண்ணால் பிரித்தறிய முடியாது. கருநிழலை ஒட்டிய பகுதிதான் புகைபோலத் தெரியும். செப்டம்பரில் 9:57-க்கு முன்னாலேயே நிலாவின் கீழ்விளிம்பு மங்கத் தொடங்கியதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது சரிதான்.

7 மார்ச் 2026

தக்கலைத் தம்பி திரும்ப வந்து, நிலாவின் படத்தை மரத்தடியில் பிடிக்கவே முடியாதா என்கிறார். சுலபமான வழி இருக்கிறது. வீட்டில் பெரியவர்களின் படிக்கும் கண்ணாடி பிளஸ் 2 பவர் என்றால் அதன் குவியத் தூரம் அரை மீட்டர். இருட்டில் வெள்ளைத் தாளுக்கு அரை மீட்டர் மேலே நிலாவைப் பார்த்துப் பிடித்தால், நாலரை மில்லிமீட்டர் அளவில் நிலா தாளில் வந்து உட்காரும். பகுதிக் கிரகணத்தில் கடிபட்ட இடம் கூடத் தெரியும், தலைகீழாக. பகலில் இதைச் சூரியனுக்குச் செய்ய வேண்டாம், தாள் கருகிவிடும்.

அடுத்து நமக்கு வரும் நல்ல வாய்ப்பு 2027 ஆகஸ்ட் 2. எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுக் கிரகணம், நமக்கு மாலையில் பகுதிக் கிரகணம். 2031 மே 21-ல் வளையம் கேரளம், தென் தமிழகம் வழியாகப் போகிறது. மதுரைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். 2027-க்கு வெயில் மேற்கே சாய்ந்திருக்கும், மரத்தடித் தரை தோதுப்படாது. மேற்கு பார்த்த சன்னலை அட்டையால் மூடி, நடுவில் பென்சில் முனை நுழையும் துளை ஒன்று போட்டு, எதிர்ச் சுவரைப் பாருங்கள். 4 மீட்டர் அறையில் 3.7 சென்டிமீட்டர் சூரியன் விழும். அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை முந்தின நாளே கழற்றிவிடுங்கள்.